இருபத்தேழாம் எண் பிரிண்டர்

இதில் வருவதெல்லாம் அப்படியே நடந்தது, ஒரு புள்ளிகூடக் கூட்டிச் சொல்லவில்லை என்று சத்தியம் செய்துவிட்டே ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. இரண்டொரு இடத்தில் வேண்டுமானால் குறைத்துச் சொல்லியிருக்கலாம். முழுசாகச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்பதுதான் அதற்குக் காரணம்.

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்று. அதன் அலுவலகம் மூன்றாம் மாடியில் இருந்தது. அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் ஓடவில்லை. எப்போதிலிருந்து என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். தினமும் காலையில் மூச்சிரைக்கப் படியேறி வந்து உட்கார்ந்துதான், ஊரில் உள்ள லிஃப்டுகளுக்கெல்லாம் நல்லபடியாக ஓடுகிறது என்று சான்றிதழ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அங்கே கணினி, ஒயர், பிரிண்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவருக்குப் பிளக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. யார் எந்தக் கோளாறைச் சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி, "பிளக்கு மாட்டியிருக்கா?" என்பதுதான். பத்துக்கு ஏழு தடவை மாட்டியிருக்காது. அந்த ஒரு கேள்வியை வைத்தே ஒன்பது வருடம் ஓட்டிவிட்டார் என்று சொல்பவர்களும் உண்டு. நிரந்தர வேலையில்லை. வருடத்துக்கு ஒருமுறை ஒரு தாளில் மேலாளர் கையெழுத்துப் போட்டால் அடுத்த வருடமும் வேலை உண்டு. போடாவிட்டால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இந்த வருடத்துத் தாள் அந்த வெள்ளிக்கிழமை கையெழுத்தாக வேண்டியிருந்தது.

அந்த வாரத்துத் திங்கட்கிழமை பார்த்துத்தான் புதுப் பிரிண்டர் வந்தது. இரண்டு பேர் மூன்று மாடி தூக்கி வந்து இறக்கிவிட்டு, "டோனர், அதான் மை, தனியா வரும்ண்ணே, இங்க ஒரு கையெழுத்து" என்று வாங்கிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்கள். பிளக்கு அதை ஹாலின் நடுவில் வைத்து நெட்வொர்க்கில் இணைத்தார். புதுப் பிரிண்டர் என்றால் அதற்கொரு எண் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கதவிலக்கம் மாதிரி. எந்தக் கணினி எதை அச்சடிக்க அனுப்பினாலும் அந்த எண்ணைத் தேடிக்கொண்டுதான் வரும். பிளக்கு இருபத்தேழு கொடுத்தார்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஒருமுறை கல்யாண நாளை மறந்துபோய், ஒரு வாரம் தன் வீட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டவர் அவர். அன்றிலிருந்து பூட்டு, போன், பெட்டி என்று எண் கேட்கும் எதற்கும் அந்தத் தேதியையே கொடுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. திரும்பிய பக்கமெல்லாம் இருபத்தேழு கண்ணில் பட்டால் மறக்க வழி ஏது.

எண்ணைக் கொடுத்துவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் பிரிண்டர் ஒரு தாளைத் துப்பியது. யாரும் எதையும் அனுப்பியிருக்கவில்லை. பிளக்கு எடுத்துப் படித்தார்.

'வரவேற்பு மேசையில் இருப்பவருக்கு. நேற்று மழையில் நான் வைத்துவிட்டுப் போன குடையை, தண்ணீர் வடியும்படி மூலையில் சாய்த்து வைத்தீர்கள். மிக்க நன்றி.'

தேதி ஏழு வருடம் பழையது. கீழே பெயரில்லை. வரவேற்பு மேசை அக்கா இரண்டு தடவை படித்துவிட்டு, யாரோ தன்னை நக்கல் பண்ணுவதாகத் தீர்ப்புச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த அலுவலகத்தில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. ஒருவர் பேனா கொடுத்தால் இன்னொருவர் வாங்கிக்கொள்வார். மனசு ரொம்ப இளகிப்போனால் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான். அதிலும் நடைக்கோடியில் பதிவறையில் இருந்தவர் ஒருபடி மேலே. என்ன செய்து கொடுத்தாலும் "உம்" என்பதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஒன்றும் வராது. அதனால் அவருக்கு உம் சார் என்றே பெயர். அந்த மனுஷனுக்குக் குடையை எடுத்துக் கொடுத்தாலும் ஒன்றுதான், தூணுக்கு எடுத்துக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்று அக்கா பல தடவை சொல்லியிருக்கிறார்.

பிரிண்டர் நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குள் நூற்று நாற்பது தாள் வந்துவிட்டது. எல்லாம் நன்றி. ஜன்னலைச் சாத்தியதற்கு நன்றி. படியில் வழிவிட்டதற்கு நன்றி. தும்மியபோது திரும்பிப் பார்க்காமல் இருந்ததற்கு நன்றி. வரைபடம் போடுகிறவர், தன் மேசைக்கு மட்டும் பதினொன்று வந்திருப்பதாகவும், பத்தோடு நிறுத்தியிருந்தால் கொஞ்சம் நம்பியிருப்பேன் என்றும் சொன்னார்.

மூன்று மணிக்கு மேலாளருக்கு ஒன்று வந்தது. 'மேலாளர் அவர்களுக்கு. சென்ற செவ்வாய்க்கிழமை நான் நாற்பது நிமிடம் தாமதமாக வந்ததைப் பார்த்தும், பார்க்காதவர் போலச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். காரணம் கேட்டிருந்தால் அழுதிருப்பேன். அந்தத் திரும்பலுக்கு நன்றி.'

மேலாளர் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பிளக்கைக் கூப்பிட்டார். கண்காணிப்பு சரியில்லை என்று யாரோ தன்னைச் சுற்றி வளைத்துக் குத்துவதாகத்தான் அவருக்குப் பட்டது.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு, இது யாரால வருதுன்னு ஒரு தாள்ல பேரை எழுதி என் மேசைல வைங்க. உங்க தாளும் அங்கதான் இருக்கு. ரெண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்."

செவ்வாய்க்கிழமை முழுவதும் பிளக்கு தனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் பார்த்தார். பிரிண்டரை நிறுத்திவிட்டுப் போட்டார். காத்திருக்கும் வேலைகளை ரத்து செய்தார். ரத்து செய்தவை திரும்ப வந்தன. கடைசியில் பிளக்கையே பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் ஒன்றரைப் பக்கம் வந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பிரேக் போட்டால் பஸ் போட்ட இடத்திலேயே நின்றுவிடுகிறதா என்ன.

தாள் வைக்காமல் விட்டால் நின்றுவிடும்தான். ஆனால் அந்தப் பிரிண்டரில்தான் லிஃப்ட் சான்றிதழ்களும் வர வேண்டும். முப்பது நன்றிக்கு நடுவில் ஒரு சான்றிதழ் என்ற கணக்கில் வந்ததால், ஒரு சான்றிதழ் எடுக்க முப்பது நன்றியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். ஆகவே எல்லோருமே கட்டுக் கட்டாகத் தாளைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

புதன்கிழமை குவியல் ஜன்னல் உயரத்துக்கு வந்துவிட்டது. ஒரு தாள் காற்றில் பறந்து வெளியே போய், கீழே நின்ற பஸ்ஸுக்குள் விழுந்தது. வாசல் காவலர் பிளக்கின் மனைவியுடைய தம்பி. அவர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நிறுத்தம் ஓடி அதை மீட்டு வந்தார். பார்த்தால் அவருக்கே எழுதியது. 'வாசல் காவலருக்கு. என் வண்டியை வெயில் வரும்போதெல்லாம் நிழலுக்குத் தள்ளி வைக்கிறீர்கள். நன்றி.' கண்டக்டர் அந்தத் தாளுக்கும் ஒரு டிக்கெட் கிழித்திருந்தார்.

அன்று சாயங்காலம் மேலாளரைக் காணவில்லை. தனக்கு இன்னும் எத்தனை வந்திருக்கிறது என்று பார்க்கக் குவியலுக்குள் போனவர், வழி தெரியாமல் உள்ளேயே நின்றுவிட்டார். கூப்பிட்டுப் பார்த்தபோது அடியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அஞ்சு வருஷத்துக்கு முந்தின மார்ச்சுல இருக்கேன்."

தாள்கள் தேதி வாரியாக விழுந்திருந்ததால் கண்டுபிடிக்கச் சிரமமில்லை. ஏப்ரலைத் தள்ளிவிட்டுக் கையைப் பிடித்து இழுத்தார்கள். வெளியே வந்தவர் சட்டைப் பை புடைத்திருந்தது. அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரவர் இழுப்பறையும் அப்படித்தான் புடைத்துக்கொண்டிருந்தது. நக்கல் நக்கல் என்று சொல்லிக்கொண்டே வரவேற்பு மேசை அக்கா தன் பெயருக்கு வந்தவற்றைக் கிளிப் போட்டு வைத்திருந்தார். வரைபடம் போடுகிறவர், வெயிலுக்கு யாரோ பிடித்து வந்த நனையாத குடையைக்கூட வற்புறுத்தி வாங்கி மூலையில் சாய்த்து வைத்தார்.

பிளக்குக்கு அதையெல்லாம் ரசிக்க நேரமில்லை. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

வியாழக்கிழமை காலையில், வேறு வழியில்லாமல், சுவர் அலமாரியைத் திறந்தார். அலுவலகத்துக் கணினிகளின் ஒயரெல்லாம் வந்து சேர்வது அங்கேதான். மொத்தம் இருபத்து நான்கு. ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது, எதைப் பிடுங்கினால் பிரிண்டர் நிற்கிறதோ அதன் மறுமுனையில் ஆள் இருக்கிறார். மச்சானைப் பிரிண்டர் பக்கத்தில் போனோடு நிறுத்தினார்.

"நின்னுச்சா?"

"இல்ல மாமா. 'நாற்காலியை நகர்த்திப் போட்டதற்கு நன்றி'ன்னு வருது."

"படிக்காத. நின்னுச்சா, நிக்கலையா, அதை மட்டும் சொல்லு."

"நிக்கல. ஆனா இது நல்லா எழுதியிருக்கு மாமா."

பதினேழாவது ஒயரைப் பிடுங்கியதும் ஹாலே அமைதியாகிவிட்டது. நான்கு நாளாக அந்தச் சத்தத்தில் பேசிப் பழகியவர்கள், பேச்சை நடுவில் விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள். பிளக்கு அந்த ஒயரைத் திரும்ப மாட்டிவிட்டு, சுவரோரமாக அது போன வழியே கூடப் போனார். அது நடையைத் தாண்டி, கடைசிக் கதவின் அடியில் நுழைந்தது.

பதிவறை. ஜன்னல் இல்லாத அறை. பழைய சான்றிதழ்க் கட்டுகளுக்கு நடுவே உம் சார் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். அவருடைய வேலைக்கு எதையும் அச்சடிக்க வேண்டியதில்லை. வருகிற தாளில் முத்திரை குத்தி அடுக்க வேண்டியதுதான். பிளக்கு அனுமதி கேட்டுவிட்டு அவர் கணினியைத் திறந்து பார்த்தார். அச்சுக்குக் காத்திருந்தவை நாலாயிரத்து முந்நூற்றுப் பதினெட்டு. எல்லாம் போக வேண்டிய இடம் இருபத்தேழு.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏழு வருடத்துக்கு முன்னால் இதே அறை வாசலில், ஒரு ஸ்டூல் மேல் ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. அது உயிரை விட்டபோது தூக்கிக்கொண்டு போய்க் கழிவில் போட்டவர் பிளக்குதான். அதற்கும் இருபத்தேழு என்று எண் கொடுத்தவரும் அவர்தான். ஆளில்லாத வீட்டு வாசலில் ஏழு வருடமாகக் கடிதங்கள் நின்றுகொண்டிருந்திருக்கின்றன. திங்கட்கிழமை அதே கதவிலக்கத்துக்குப் புதுக் குடித்தனம் வந்ததும் எல்லாம் உள்ளே புகுந்துவிட்டன.

"சார், வெளிய இருந்த பிரிண்டரைக் காணோமேன்னு ஒருநாள்கூடத் தோணலையா?"

"ஸ்டூல் மட்டும் இருந்தது" என்றார் உம் சார். "ஹாலுக்கு மாத்திட்டீங்கன்னு நெனச்சேன்."

பிறகு முத்திரையைக் கீழே வைத்தார். ஒன்பது வருடத்தில் அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசிப் பிளக்கு கேட்டதில்லை.

"எனக்கு நேர்ல சொல்ல வராது. சொல்லப் போனா தொண்டை அடைச்சுக்கும், உம்முனுதான் வரும். அதான் அறைக்கு வந்ததும் டைப் பண்ணி அனுப்பிடுவேன். பொதுப் பிரிண்டர்தானே, அவங்கவங்க பேரைப் பார்த்து அவங்கவங்க எடுத்துக்குவாங்க. எடுத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க."

"யாராவது பதில் சொன்னாங்களா?"

"ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்ல" என்றார் உம் சார், பெருமையாக. "நான் கூச்சப்படுவேன்னு தெரிஞ்சு, வாங்காத மாதிரியே இருந்துட்டாங்க. ஏழு வருஷமா. அவ்வளவு நல்ல மனுஷங்க. அதுக்கும் தனியா நன்றி எழுதியிருக்கேன்."

பிளக்கு "உம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவருடைய மனைவி ஒரு சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். தைப்பதுதான் அவர் தொழில். மெஷினை நிறுத்தாமலே முழுக் கதையையும் கேட்டார். உம் சாரின் பெயரை எழுதிக் கொடுத்தால் அதில் ஒரு பொய்யுமில்லை, அவர் கணினியிலிருந்துதானே போனது, மாமாவுக்குக் கையெழுத்தும் ஆகிவிடும் என்பது வாசல் காவலரின் கட்சி. அவர் அதைச் சொல்லிவிட்டு அக்காள் முகத்தைப் பார்த்தார். அக்காள் ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப எல்லாப் பழியும் இருபத்தேழு மேலதான்" என்றார் மனைவி.

"தேதி மேல பழி இல்ல. அதை ரெண்டு தடவை குடுத்தவன் மேலதான்."

"அதையும் எழுதிக் குடுத்துருங்க. தேதி மேல பழி இல்லன்னு."

பிளக்கு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மெஷின் மேல் வைத்தார். குவியலில் தன் பங்குக்குக் கிடைத்தது. 'கணினி பார்ப்பவருக்கு. என் மேசைக்கு அடியில் கிடந்த ஒயர்களை, நான் கேட்காமலே சுருட்டிக் கட்டிவிட்டுப் போயிருக்கிறீர்கள். மூன்று வருடமாகக் கால் இடறிக்கொண்டிருந்தது. இன்று இடறவில்லை. நன்றி.'

மெஷின் நின்றது. மனைவி அதை மூன்று தடவை படித்தார்.

"ஒம்போது வருஷத்துல இதுதான் முதல் நன்றியா?"

"எழுத்துல இதுதான்."

"வாய்ல?"

"வாய்லயும் இதுதான்."

அவர் தாளை நீவி, சுவரில் அளவுக் குறிப்புகளுக்கு நடுவே குண்டூசியால் குத்தி வைத்துவிட்டு, மறுபடி காலரைத் தைக்க ஆரம்பித்தார். வாசல் காவலர் தன் கட்சியைக் கலைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானத்தோடு பழைய கடிதங்கள் எல்லாம் வந்து தீர்ந்தன. நாலு மணிக்குப் பிளக்கு தாளை மேசையில் வைத்தார். மேலாளர் கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். குற்றவாளி என்ற இடத்தில் பிளக்கின் சொந்தப் பெயர் இருந்தது. பழைய எண்ணைப் புதுப் பிரிண்டருக்குக் கொடுத்தது நான்தான், அதனால்தான் ஏழு வருடத்துத் தாள்கள் வந்தன, தேதி மேல் பழியில்லை என்று மூன்று வரி.

"எண் குடுத்தது நீங்க, சரி. எழுதினது யாரு?"

"அது கேள்வில இல்லைங்க சார். யாரால வருதுன்னுதான் கேட்டீங்க. என்னாலதான் வருது."

மேலாளர் அவருடைய வேலைத் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். பேனாவை எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. பிளக்கு அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது நக்கல் இல்லையா, அப்ப?"

"இல்லைங்க சார். நிஜமாவே நன்றிதான்."

மேலாளர் சட்டைப் பையிலிருந்து முதல் கடிதத்தை எடுத்து விரித்தார். மடிப்பெல்லாம் நைந்துபோயிருந்தது.

"நாற்பது நிமிஷம் லேட்டுன்னு எழுதியிருக்கு. எனக்கு அதுவே இப்பத்தான் தெரியும். ஏழு வருஷம் ஆனாலும் ஞாபகம் இருக்கு, அன்னைக்குச் சுவத்துல ஒரு பல்லி இருந்தது. அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன்."

"சொல்லிடவா சார்?"

மேலாளர் அந்தக் கேள்வியை நன்றாக யோசித்தார். "வேண்டாம்" என்றார்.

பிறகு ஹாலுக்கு வந்து, எல்லோரும் கேட்கும்படி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த ஐந்து நாளில் யார் பெயருக்குக் கடிதம் வரவில்லை? மேசை மேசையாக, கடிதம் வந்தவர்களைக் கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். பெருக்க வருகிற அம்மாவுக்குக்கூட முப்பத்தாறு வந்திருந்தது. இருபத்திரண்டு பேரில் இருபத்தொரு கை தேறியது. எல்லாத் தலையும் நடைக்கோடிக் கதவுப் பக்கம் திரும்பியது. வரவேற்பு மேசை அக்கா கிளிப் போட்ட கட்டை மடியில் வைத்துக்கொண்டு, "தூணுன்னு சொல்லிட்டேனே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

போய் நேரில் சொல்லலாம்தான். ஆனால் அது எப்படிச் செய்வது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. எனவே தெரிந்த வழியில் செய்தார்கள். அவரவர் கணினியில் உட்கார்ந்து டைப் அடித்தார்கள். ஒற்றை விரலால் அடித்தவர்கள்தான் அதிகம். அரைமணி நேரத்தில் இருபத்தேழாம் எண்ணிலிருந்து இருபத்தொரு தாள் வந்தது. எல்லாம் பதிவறைக்கு. பிளக்கு எழுதியதும் அதில் ஒன்று; ஒன்பது வருடத்தில் இதுதான் எனக்குக் கிடைத்த முதல் நன்றி, அதற்கு நன்றி என்று எழுதியிருந்தார். மேலாளருடையது ஒரு வரிதான். 'எப்போது வேண்டுமானாலும் தாமதமாக வரலாம். சுவர் அங்கேயேதான் இருக்கும்.'

வாசல் காவலர் போய்க் கதவைத் தட்டி, சாருக்குத் தபால் வந்திருக்கிறது என்று சொன்னார். உம் சார் வெளியே வந்தார். பிரிண்டர் பக்கத்தில் நின்றபடியே இருபத்தொன்றையும் ஒன்று விடாமல் படித்தார். எல்லோரும் தத்தம் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டு வேலை செய்வதாக நடித்தார்கள். கடைசித் தாளை முடித்துவிட்டு நிமிர்ந்தார். 

"உம்" என்றார். அறைக்குத் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இரண்டு நிமிடம் கழித்துப் பிரிண்டர் மறுபடி ஓடியது. இருபத்தொரு தாள். ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கீழே இரண்டு சொல்: 'கிடைத்தது. நன்றி.' இந்தத் தடவை கீழே கையெழுத்துக்குப் பதில் பதிவறை என்று போட்டிருந்தது.

மேலாளர் பேனா மூடியைத் திறந்து பிளக்கின் தாளில் கையெழுத்துப் போட்டார். ஓரத்தில் ஒரு நிபந்தனையும் எழுதினார்: பிரிண்டரின் எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. பிளக்கு தாளை வாங்கிக்கொண்டார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து, ஒன்பது வருடத்தில் முதல் தடவையாக, வாயைத் திறந்து நன்றி என்று சொன்னார். மேலாளர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பிரிண்டருக்கு டோனர் வந்து சேர்ந்தது அதற்கடுத்த மாதம்.